காய்ச்சல் விட்ட இரவு

"காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர்" என்று
நாற்பத்திரண்டாம் கட்டிலின் அம்மா
வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள்.
பக்கத்துக் கட்டில்களுக்கு ஆளுக்கொரு பொறை.
காசிமேட்டில் இறால் உரிக்கும் விரல்களுக்கு
ஐந்து நாள் கழித்து
தலைவார நேரம் கிடைத்தது.

நான் சிஸ்டர் இல்லை. மூன்றாம் வருட மாணவி.
காலை பத்து மணிக்குத் தேர்வு.
வெப்பம் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு,
ரத்த அழுத்தம் மேலே தொண்ணூற்றாறு,
எழுதி டிக் போட்டால்
மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் படிக்கலாம்.

கீழே எழுபத்தெட்டு.

பேனா அங்கே நின்றது.
இரண்டுக்கும் நடுவே
பதினெட்டுதான்.

உடம்பு ஒரு கடன்பட்ட குடும்பம்.
வளையலைத் தங்கசாலைத் தெருவில் அடகு வைத்துவிட்டு
கவரிங் போட்டுக்கொண்டு
கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரும்.
தோலுக்குப் போகும் குழாயை முதலில் அடைக்கும்,
அப்புறம் குடலுக்கு, சிறுநீரகத்துக்கு.
இதயத்துக்கும் மூளைக்கும் மட்டும்
லாரித் தண்ணீர்.
கடைசிக் குடம் வரைக்கும்
மேல் எண் அசையாது.

பாடத்தில் இதற்குப் பெயர் ஈடுசெய்தல்.
மனப்பாடம் செய்தபோது
ஒரு நல்ல குணம் மாதிரி கேட்டது.

பையன் ஜெபசீலன், ஒன்பது வயது.
கார்ட்டூன் வேண்டாம் என்று
போனைத் தானாகவே திருப்பிக் கொடுத்தான்.
பாதத்தைத் தொட்டேன்,
மார்கழி மொட்டைமாடித் தரை.
கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டு எண்ணினேன்.
ஒன்று. இரண்டு.
மூன்று.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
நாலில்தான் சிவப்பு வந்தது,
தயங்கித் தயங்கி எரியும் பழைய டியூப்லைட் போல.
நாடி நூற்று முப்பத்தெட்டு.

"கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?"
சீப்பு பாதி முடியில் நின்றது.
"மத்தியானம்... இல்ல, காலைலயா?"

காய்ச்சல் வெளியேறும் நேரம்தான்
சுவர்கள் கசியும் நேரம்.
ஒரு சொட்டு ரத்தம் வெளியே சிந்தவில்லை.
நீர் மட்டும் நழுவிப் போய்
வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்குகிறது.
வெள்ளத்தன்று வேளச்சேரி இப்படித்தான்:
வீதியெல்லாம் தண்ணீர்,
குழாயில் மட்டும் இல்லை.
உள்ளே மிஞ்சியது கெட்டிச் சிவப்பு.
நேற்று முப்பத்தெட்டு, இன்று மாலை நாற்பத்தேழு.
பிளேட்லெட் எத்தனை என்று எல்லோரும் கேட்கிறார்கள்,
பப்பாளி இலையைச் சாறு பிழிந்து எடுத்து வருகிறார்கள்.
இந்த எண்ணை
ஒருவரும் கேட்பதில்லை.

பி.ஜி. டாக்டர் மேசையில் கவிழ்ந்திருந்தார்.
"பி.பி. நார்மல்தானே?" என்றார், தலை தூக்காமல்.
"பதினெட்டு, சார்."
எதற்கு நடுவே என்று கேட்கவில்லை.
செருப்பைத் தேடாமல் ஓடினார்.

இருபத்திரண்டு கிலோ. முதல் மணிக்கு
இருநூற்றிருபது மில்லி.
பிறகு குறைக்க வேண்டும், பார்த்துப் பார்த்து.
வெளியே போன நீர் நாளை
தானாகவே வீடு திரும்பும்.
பதறி அதிகமாக ஊற்றியிருந்தால்
நுரையீரலில் வந்து கணக்குக் கேட்கும்.
சொட்டுகளை எண்ணினேன்.
புத்தகம் மூடியே கிடந்தது.

எழும்பூரில் முதல் மின்சார ரயில் கூவியபோது
அளவுக் குவளையை விளக்கருகே தூக்கிப் பிடித்தேன்.
அறுபது மில்லி, கடும் மஞ்சள்.
யாருடைய சிறுநீரைப் பார்த்தும்
இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை நான்.
அம்மா மிச்சமிருந்த பொறையை நீட்டினாள்.
"திரும்பக் காய்ச்சல் வருமா?"
அதை மட்டும்தான் கேட்டாள்.

தேர்வில் கல்லீரல் சுருக்கம் வந்தது, பத்து மதிப்பெண்.
பாதி எழுதும்போது கவனித்தேன்,
இடது கை தன் கட்டைவிரல் நகத்தை
அழுத்தி அழுத்தி விட்டு
எண்ணிக்கொண்டிருந்தது.