பொருள்

வருகை: ஏழு பேர்.
பாதி வழியில் மழைக்கு ஒதுங்கி
பேக்கரி வாசலிலேயே நின்றுவிட்டவரைச் சேர்த்தால் எட்டு.
தலைமை: யாருமில்லை.
இப்படித்தான் குறிப்பேட்டில் தொடங்கினேன்.
கொளப்பள்ளிக் கிளை நூலகத்தின்
பகுதிநேர ஊழியன் நான்.
பேசுவதை எழுதுவது என் வேலை,
பேசியதன் பொருளை அல்ல.

எடுத்துக்கொண்டது ஒரு பழம்பாட்டு.
ஐந்து வரி. எழுதியவர் பெயர் அழிந்துவிட்டது.
நள்ளிரவு மழை, மூங்கில் சரிவு,
வரும் வழியில் யானை நிற்கிறது,
வராதே என்கிறாள் தோழி.
அவ்வளவுதான்.

கூடலூரிலிருந்து பேருந்தில் வந்த
விரிவுரையாளர் தெய்வசிகாமணி
கண்ணாடியைத் துடைத்தபடி பாட்டைத் திறந்து காட்டினார்:
யானை என்பது யானையில்லை, ஊரின் வாய்.
முறியும் மூங்கில் அவளுடைய பொறுமை.
வராதே என்றால் இரவில் வராதே,
பகலில் வா, மாலையோடு வா, ஊரறிய வா.
இதற்கு உள்ளுறை என்று பெயர்.
குறிஞ்சியில் எதுவும் தன் பெயரில் நிற்பதில்லை.
அழகாக இருந்தது. அடிக்கோடிட்டேன்.

கூட்டுறவு வங்கி அமலோற்பவத்துக்கு ஒரு சந்தேகம்:
அந்தப் பெண் எங்கே?
அவளுக்காக ஏன் இன்னொருத்தி பேசுகிறாள்?
அரைமணி நேரம் அதில் போனது.
இடையில் தேநீர் கொண்டுவந்த வர்க்கீஸ்
மதியம் பத்தாம் நம்பர் மலையில்
யானை நின்றதாகச் சொன்னார்.
எழுதப் போய் விட்டுவிட்டேன்,
பொருளுக்குத் தொடர்பில்லை.

அப்புறம் யோகராணி பேசினார்.
ஒன்றரை வருடமாக வருகிறார்.
புத்தகம் எடுப்பார், கடைசி நாற்காலியில் உட்கார்வார்,
கொழுந்துச் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொள்வார்,
வாய் திறந்ததில்லை.

"நானும் அப்படித்தான் சொன்னேன் சார்,
ஐப்பசியில. போன்ல.
கரண்ட் இல்ல, மழை விடல,
லைனுக்குக் கீழ பலாமரத்துக்கிட்ட நிக்குது,
ஃபேக்டரியிலேயே படுத்துக்கங்க,
வராதீங்கன்னேன்.
அவரு அதை உள்ளுறையா எடுத்துக்கிட்டாரு."

தகரக் கூரையில் மழை மட்டும் நிற்கவில்லை.
தெய்வசிகாமணி கண்ணாடியை மறுபடி கழற்றினார்.
துடைக்கவில்லை.

நடேசு. வயது முப்பத்தொன்பது.
உலர்த்தும் அறையில் இரவு ஷிப்ட்.
எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
நூலகத்துக்கு வரும் நாளிதழில்
மூன்றாம் பக்கம், நான்கு வரி.
பாட்டைவிட ஒன்று குறைவு.
அந்த மாதத் தாள்களோடு
நானே கோத்து அலமாரியில் வைத்தேன்.

அமலோற்பவம் அவர் கையைப் பிடிக்கப் போனார்.
யோகராணி கையை எடுத்துக்கொண்டார்,
சொல்லி முடிக்கவில்லை என்பதுபோல.

"தப்பா எடுத்துக்கல சார் அவரு.
சரியாத்தான் கேட்டிருக்காரு.
பிள்ளைக்குக் காய்ச்சல். தனியா பயமா இருந்துச்சு.
வராதீங்கன்னு சொல்றப்பவே
எப்படியாச்சும் வந்துட மாட்டாரான்னு இருந்துச்சு.
நீங்க சொன்ன அர்த்தமெல்லாம் பாட்டுல இருக்கு.
யானையும் இருக்கு."

சாக்கை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

விவாதம் நடைபெற்றது என்று எழுதி அடித்தேன்.
யானை பற்றி ஒருமித்த கருத்து
எட்டப்படவில்லை என்று எழுதி
அதையும் அடித்தேன்.
பேனா மை தாளின் மறுபக்கம் ஊறியது.
ஆறரைக்குக் கூட்டம் கலைந்தது.
இருட்டுமுன் எல்லோரையும் வர்க்கீஸின் ஜீப்பில் ஏற்றினோம்.
லைன் படியில் டார்ச் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்து,
கதவு சாத்தும் சத்தம் கேட்டு,
அப்புறம்தான் வண்டியை எடுத்தார்.

திரும்பி வந்து விளக்கைப் போட்டு
குறிப்பேட்டை விரித்தேன்.
பொருள் என்று அச்சடித்த கட்டம்
காலியாகவே இருந்தது.
எழுதினேன்:
பத்தாம் நம்பர் மலை. மதியம்.
யானை ஒன்று. தனியாக.