கழிவு

ஆண்டு மலருக்கு வந்த அறுபத்து மூன்றில்
ஐம்பது, மரம் வளர்ப்போம்.
ஏழு, அன்னையர் தினம்.
மிச்சத்தில் ஒன்று
பத்தாம் வகுப்பு ஆ பிரிவு முப்புடாதி எழுதியது.
கணக்கு நோட்டில் கிழித்த தாள்,
மடிப்பில் புகையிலைத் தூள்.

பதினொன்றாம் வகுப்பில் எனக்கு
மாணவ ஆசிரியர் என்று ஓர் அட்டை, ஊக்கோடு.
சிவப்புப் பேனா மட்டும் நானே வாங்கியது,
முக்கூடல் பஸ் நிறுத்தத்துக் கடையில்.

சுருட்டுரோம் என்றிருந்ததைச் சுருட்டுறோம் ஆக்கினேன்.
அம்ம என்றே முழுக்க எழுதியிருந்தாள்;
துணைக்கால் போட்டுக்கொண்டே வந்து
பாதியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.
அவள் வாயில் அந்தக் கால் கிடையாது.

கடைசி வரி இப்படி:
"ஆயிரத்துக்கு நூறு கழிக்காவ.
கழிச்சது குப்பைக்குப் போகல, உள்ள போவுது."

பக்கத்தில் ஜெபக்கனி டீச்சரின் பென்சிலில்
ஒரு கேள்விக்குறி.
பின்னட்டையில் பீடிக் கம்பெனி விளம்பரம்,
நாலு வண்ணம், ஆறாயிரம் ரூபாய்.
இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொண்டேன்.
பிழை திருத்திய அதே பேனா
குறுக்கே ஓடியது.
ஓரத்தில் காரணம் எழுதினேன்: நீளம்.

மதியம் குழாயடியில் முப்புடாதி.
"கடையில அளவு குறைஞ்சா கழிப்பாவ.
நீங்க கூடிப்போச்சுன்னு கழிக்கிய."
சிரிக்கவில்லை.
"கழிச்சதத் தந்திருங்கக்கா.
நீங்களும் உள்ள வச்சுக்கிடாதீய."

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார்.
"நான் கேள்விதானே போட்டேன்?"
பிறகு அவரும் பின்னட்டையைப் பார்த்தார்.
மணி அடித்தது.

சனிக்கிழமை கடை வாசலில் வரிசை.
அவள் அம்மை சொளவோடு, நான் நோட்டோடு.
கட்டுக்கு இருபத்தைந்து, நாற்பது கட்டு.
செக்கர் விரலால் தட்டித் தட்டி எறிய
நான் கோடு போட்டேன்,
நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று.
"யாரு இது?"
"பள்ளிக்கூடத்துப் பிள்ள. கணக்கு படிக்கா."
பாஸ்புக்கில் ஏறியது தொள்ளாயிரத்துப் பதினாறு.
கூடை உள்ளே போனது.
அரைமணி நின்றேன்.
வெளியே வரவில்லை.

வரியைத் திரும்ப எழுதினேன்,
நூறு என்பதை எண்பத்து நாலு ஆக்கி.
கண்ணால் எண்ணியது அச்சேறுகிறது என்று
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

யார் போய்ச் சொன்னார்களோ, விளம்பரம் வரவில்லை.
எட்டுப் பக்கம் குறைத்தால் கட்டும் என்றார்
பாளையங்கோட்டை அச்சகத்துக்காரர்.
ஐம்பது மரத்தில் முப்பதை வெட்டினோம்.
இன்னும் ஒரு பக்கம் இடித்தது.
என் தலையங்கம் போனது.
எழுத்துரிமை என்று தலைப்பு வைத்திருந்தேன்,
மூன்று இடத்தில் ஆச்சரியக்குறி.

மலர் வந்த அன்று
முப்புடாதி தன் பக்கத்தை நின்றபடியே வாசித்தாள்,
கட்டு எண்ணுகிற வேகத்தில் விரல் ஓட்டி.
கடைசி வரியில் விரல் நின்றது.

"எண்பத்து நாலா?
நீங்க நோட்டோட நின்னிய,
அதனால எண்பத்து நாலு.
முந்துன நாள் நூத்திப் பத்து.
பொறவு திங்கக்கிழமை நூத்தி முப்பது."

என் சட்டைப் பையைப் பார்த்தாள்.
"அந்தப் பேனாவக் கொஞ்சம் தாங்க."