துணைச்செடி

நாகலூர் நாற்றங்காலில்
பச்சை வலைக்கு அடியில்
பை ஒன்றுக்கு இரண்டு உயிர்.
நடுவில் சந்தனம், நாலிலைப் பருவம்.
விளிம்போரம் ஒரு துவரை.

துவரையை யாரும் எண்ணுவதில்லை.
‘சந்தனம் 4,200’ என்று மட்டும்
பதிவேட்டில் எழுதுகிறார் மேஸ்திரி இருதயராஜ்.
ஊன்றியவள் நான் என்பதால்
இன்னொரு நாலாயிரத்து இருநூறு
என் கணக்கில் மட்டும் இருக்கிறது.

வந்த புதிதில் களை என்று நினைத்து
ஒரு வரிசைத் துவரையைப் பிடுங்கி எறிந்தேன்.
பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.
ஐப்பசி மழைக்குள்
அந்த வரிசைச் சந்தனம் மட்டும் வெளுத்து
காமாலை கண்ட பிள்ளைபோல்
நின்ற உயரத்திலேயே நின்றுவிட்டது.
உரம் வைத்தேன். கேட்கவில்லை.
மண் கொடுப்பது அதற்குப் போதாது,
இன்னொன்றின் உடம்பு வழியாக வரவேண்டும்.

மேஸ்திரி டீக்குப் போன நேரம்
நல்ல பை ஒன்றைக் கிழித்து
டிரம் தண்ணீரில் மண்ணை அலசினேன்.
துவரை வேரைச் சந்தன வேர்
தொட்ட இடமெல்லாம்
வெள்ளையாய் ஒரு பொட்டு,
கடுகை அழுத்தி ஒட்டியதுபோல்.
நகத்தால் நெம்பினேன். வரவில்லை.
மாட்டின் காதுமடலில்
உண்ணி வைத்திருக்கும் அதே பிடி.
ஆனால் உண்ணியை அரைத்து
யாரும் நெற்றியில் இட்டுக்கொள்வதில்லை.

துவரையைச் சாக விடக் கூடாது.
சந்தனத்துக்கு மேல்
தலை தூக்கவும் விடக் கூடாது.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை
கத்தரியோடு குந்தி
கொழுந்தைக் கிள்ளுவது என் வேலை.
மூன்று வருஷமாகிறது.
என் கையில் வளர்ந்த துவரையில்
ஒரு பூ மஞ்சளாய் விரிந்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை கூலி.
இருபது வளைவும் ஏறி
சூரமங்கலத்திலிருந்து காண்டிராக்டர் ஆள் வருவான்.
நாளுக்கு ஐந்நூறு என்று கையெழுத்து.
கைக்கு வருவது முந்நூற்று அறுபது.
தீபாவளிக்கு ஒரு சேலை, அரைக்கிலோ லட்டு.
“நல்ல மனுசன்டி” என்றாள் வெள்ளையம்மா,
சேலையைப் பிரித்துக்கொண்டே.
நான் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேட்டுக்கொல்லையில்
ஒரு பெரிய சந்தனம் இருந்தது.
யாரும் நட்டதில்லை,
எந்தக் குருவியின் எச்சமோ.
பக்கத்தில் கொய்யா.
வருஷத்துக்கு ஏழெட்டுக் காய், அதுவும் சொத்தை.
மண் சரியில்லை என்பான் அண்ணன் சேர்வராயன்.

மாசி அமாவாசை இருட்டில்
யாரோ அறுத்துப் போனார்கள்.
விடிந்தபோது மரத்தூள் மட்டும் கிடந்தது,
கொல்லை முழுக்க வாசத்தோடு.
வாசம் போவதற்குள் ஜீப் வந்தது.
இரண்டு நாள் வைத்துக் கேட்டார்கள் அண்ணனை.
திரும்பியவன் இடது கையால் சாப்பிட்டான்
சித்திரை வரைக்கும்.

அந்த வருஷம்
கொய்யா கிளை வளையக் காய்த்தது.
பிள்ளைகள் தின்று சலித்து
அணிலுக்கு விட்டார்கள்.
“நீ போட்ட சாணிதான்” என்றான்.
இருக்கலாம் என்றேன்.

நேற்று சுள்ளி பொறுக்கப் போனேன்.
அடிக்கட்டையிலிருந்து நாலடி தள்ளி,
கொய்யாவின் காலடியில்,
பழைய வேரிலிருந்து புதுசாய் ஒரு குருத்து.
எதிரெதிராய் இரண்டு இலை,
எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு.
மேலிருந்து ஒரு பழம் விழுந்து
அதன் பக்கத்தில் உருண்டது.

மடியில் கத்தரி இருந்தது.
குந்தினேன்.
எதைக் கிள்ளுவது?
இங்கே பதிவேடு கிடையாது.