கினியாப்புல்லில் தேன்

லிம் சூ காங் பண்ணைக்குத்
தீவன லாரி வராத ஒன்பது நாள்
வேலியோரக் கினியாப்புல்லை அறுத்துப் போட்டேன்.
ஆளுயரம். மழை விட்டும் விடாத டிசம்பர்.
அரிவாள் பிடி பிசுபிசுத்தது.
வியர்வை என்று நினைத்தேன்.
வியர்வைக்கு எறும்பு வராது.

கதிரில் சொட்டுச் சொட்டாய்ப் பழுப்புத் தேன்.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
இனிப்புத்தான்.
சில்லைகள் அந்தக் கதிரில் உட்கார்ந்து
கொத்தாமலே வேறு கதிருக்குப் போயின.
இதை அன்றே பார்த்தேனா
இப்போது சேர்த்துக்கொள்கிறேனா,
தெரியவில்லை.

நாற்பத்தொன்றாம் எண் ஆடு முதலில் படுத்தது.
பின்னங்கால் உதறல்.
விடியுமுன் போட்டது
ரோமம் முளைக்காத இரண்டு குட்டிகளை.
ஹுய் ஷான் டார்ச்சைப் பிடித்தாள்,
நான் சாக்கைப் பிடித்தேன்.

டாக்டர் நூர்ஷீலா வந்தார்.
கதிரைப் பிரித்து வெள்ளைத் தட்டில் உதறினார்.
மணி இருக்க வேண்டிய உமிக்குள்
எலிப்புழுக்கை போல ஒன்று,
வளைந்து, கறுப்பாய்.
பூஞ்சையாம். பூக்கும்போதே உள்ளே போய்
விதையைத் தின்றுவிட்டு
விதையின் இடத்தில் தானே உட்காருமாம்.
மலாயில் பாதி, கையால் பாதி சொன்னார்.

இதற்குக் குளிர்நாட்டில் ஒரு பங்காளி உண்டு,
அதன் நஞ்சில் துளி எடுத்துத்தான்
பிரசவத்தில் ரத்தம் நிற்க ஊசி செய்தார்கள் என்றார்.
விரல்களை மடக்கிக் காட்டினார்:
கருப்பையை இப்படி இறுக்கும்.
உள்ளே குட்டி இருக்கும்போது இறுக்கினால்
பார்த்தீர்களே.

அறந்தாங்கி ஆஸ்பத்திரியில்
பூமயில் ரத்தத்தில் கிடந்த இரவு
நான் துவாஸில் ஒரு கூரைமேல் இருந்தேன்.
மச்சினன் போனில் சொன்னது ஒரே வரி:
"ஊசி போட்டாங்க, நின்னுடுச்சு."
என்ன ஊசி என்று கேட்கத் தோன்றவில்லை.
மகளுக்கு இப்போது ஆறு வயது.
வெல்லம் என்றால் உயிர்.

மிச்சப் புல்லைக் கறுப்புப் பையில் கட்டி
எரியாலைக்கு அனுப்பச் சொன்னார்கள்.
இருபத்திரண்டு மூட்டை.
கடைசி மூட்டையின் வாயை முறுக்கும்போது
ஒரு கதிர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
உள்ளே தள்ளினேன்,
கொஞ்சம் மெதுவாக.

சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவினேன்.
கொட்டகையில்
நாற்பத்தொன்று எழுந்து
தண்ணீர் குடிக்கிற சத்தம்.