கவலைக்கிடமில்லை

படிவத்தின் முதல் கேள்வியிலேயே தகராறு:
முதிர்ந்த உயிரிகள் எத்தனை?

ரிம்னி பள்ளத்தாக்கின் தலைமாட்டில்
மூடிப்போன சுரங்கம் துப்பிய கசடு மேடு.
வடக்குச் சரிவில், ஆடுகள் ஒட்டக் கறித்த புல்லில்
அக்டோபர் மழை விட்ட மூன்றாம் நாள்
முழங்காலிட்டு எண்ணினேன்.
பதினேழு.
சாம்பலில் ஊதா கலந்த மெழுகுத்தொப்பிகள்,
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.
கண்ணில் பட்டது ஒன்றென்றால்
படாததையும் சேர்த்துப் பத்து என்று போடச் சொல்கிறது கையேடு.
மண்ணுக்குள் ஓடும் நூல் பதினேழா,
ஒன்றேதானா,
கிள்ளிப் பார்த்தால் தெரியும்.
கிள்ள அனுமதியில்லை.

போன வருஷம் வரை இதற்குப் பஞ்சமில்லை.
ஐரோப்பா முழுக்க ஒரே பெயர்,
மூவாயிரத்துச் சொச்சம் பதிவுகள்,
நிலை: கவலைக்கிடமில்லை.
பிறகு கார்டிஃபில் மோர்வித்
காகித உறைகளில் உலர்ந்துகிடந்தவற்றின் மரபணுவைப் படித்தாள்.
ஒன்று நான்கானது.
மூன்று பங்காளிகள் பழைய பதிவுகளைப் பிரித்துக்கொண்டு போக
நாலாவதுக்கு மிஞ்சியது இந்தச் சரிவும்
ஒரு கல்லறைத் தோட்டத்து மூலையும்.
ஒரு குடைகூட வாடவில்லை.
ஒரே இரவில் அரிதாகிவிட்டது.

நகரசபைப் பொறியாளர் ஈவோர்
என் கொடிகளைத் தாண்டித் தாண்டிக் கால்வைத்து வந்தார்.
மேட்டுக்குள் நீர் கோத்திருக்கிறதாம்.
வசந்தத்துக்குள் அள்ளியாக வேண்டுமாம்.
கீழே சுவரோடு சுவர் ஒட்டி முப்பத்தொரு வீடுகள்.
வேறொரு பள்ளத்தாக்கில், ஒரு காலையில்,
இப்படியொரு மேடு பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது.
அந்த ஊரின் பெயரை அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அச்சுறுத்தல்கள் என்ற கட்டத்தில் எழுதினேன்:
மேட்டை அகற்றுவது.
அடுத்த வரியில்:
மேட்டை அகற்றாமல் விடுவது.

கடைசி வீட்டு டெக்வென் நாயோடு ஏறி வந்தாள்.
"வேலி போடறீங்களா, எடுத்துட்டுப் போறீங்களா?"
இரண்டுக்கும் காகிதம் என் பையில் இருந்தது.
அவள் குனிந்தாள்.
"இதுவா? எங்க வீட்டுப் பின்னால
துணி காயப்போடற இடத்துல இதைவிட நிறைய."

நம்பாமல் இறங்கினேன்.

கொடிக்கயிற்றின் கீழ், பாசி படிந்த புல்லில்
நகரசபை மஞ்சள் சாயத்தால் கோடு கிழித்திருந்தது,
வடிகால் தோண்ட.
கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.
ஒரு குழந்தையின் சீருடைச் சட்டை
சொட்டிக்கொண்டிருந்தது அவற்றின் மேல்.
"ஞாயித்துக்கிழமை புல் வெட்டுவேன்.
வேண்டாமா?"
வெட்டுங்கள், உயரமாக வெட்டுங்கள் என்றேன்.
வெட்டாவிட்டாலும் செத்துப்போகும் என்பதை
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"இதுக்குப் பேரு?"
மார்ச்சில்தான் அச்சாகும்.
அதுவரை ஓர் எண்.

நாற்பது வரை வந்திருப்பேன்.
தூறல்.
அவள் சட்டைகளை உருவ உருவ
கவ்விகளை என் கையில் திணித்தாள்.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
கைநிறைய மரக்கவ்விகளோடு
மறுபடி ஒன்றிலிருந்து.