சாட்சிக் கையெழுத்து

இரண்டு மெத்தைகளுக்கு நடுவே
ஒரு சாண் விட்டு விரிப்பது
இந்த விடுதியின் வழக்கம்.
காலையில் மடிக்கப் போகும்போது
சில அறைகளில் அது விரற்கடையாகியிருக்கும்,
சிலவற்றில் முழம்.
பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

வராபி அறைக்கு நேற்று வந்தவர்கள்
நிஷிகாதா தம்பதி, அறுபதைத் தாண்டியவர்கள்.
பனியா மழையா என்று தீர்மானிக்காத ஏதோவொன்று
மலையில் பெய்துகொண்டிருக்க
பேருந்திலிருந்து ஒரே குடையில் வந்தார்கள்.
காலணி கழற்றும்போது அவர்
அந்தம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.
நல்ல ஜோடி என்று
தேநீர் ஊற்றும்போதே முடிவுகட்டிவிட்டேன்.

இன்று காலை
ஒரு சாண் ஒரு சாணாகவே இருந்தது,
நூல் பிடித்தாற்போல.

சுட்ட மீன், புகையூட்டிய முள்ளங்கி ஊறுகாய்,
ஊற்றிலேயே வெந்த முட்டை.
எல்லாம் வைத்துவிட்டு எழுந்தபோது
"ஒரு உதவி" என்றார் நிஷிகாதா.
சூப்புக் கிண்ணங்களை ஆளுக்கொரு பக்கம் நகர்த்திவிட்டு
நடுவில் ஒரு தாளை விரித்தார்கள்.
மெல்லிய தாள். பச்சை விளிம்பு.

அந்தப் பச்சை எனக்குத் தெரியும்.
என்னுடையதில் சாட்சி போட்டவர்களில் ஒருவர்
பல் மருத்துவர். இன்னொருவர் யாரென்று
இப்போது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"மகனைக் கேட்டோம், அழுகிறான்.
இவர் தங்கையைக் கேட்டோம்,
ஒரு மணி நேரம் திட்டினாள்.
உங்களுக்கு எங்களைத் தெரியாது,
அதுதான் வசதி" என்றாள் அந்தம்மாள்,
உப்பு கேட்பது போல.

ஓனோதெரா சயோகோ என்று எழுதினேன்.
பிறந்த தேதியை எழுதும்போது எட்டிப் பார்த்து
"அட, நீங்களும் புலி வருடமா!" என்றாள்.
ஆமாம் என்றேன்.
இரண்டு புலிகளும் கொஞ்சம் சிரித்தோம்.

இரண்டாவது சாட்சிக்கு
ஹத்தகேயாமாவைக் கூட்டிவந்தேன்.
தொட்டித் தண்ணீரைப் பலகையால் துழாவி
சூடு தணித்துக்கொண்டிருந்தவர்
முழங்கால் நனைந்தபடி வந்தார்.
"நாற்பத்து மூன்று டிகிரி" என்றார் முதலில்,
யாரும் கேட்காமலே.
வெப்பமானியைப் படிப்பதுபோல்
தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.
பிறகு கேட்டார்:
"ஊறுகாய் பிடித்திருந்ததா?"

எழுதும்போது அவர் சட்டைக்கையிலிருந்து
ஒரு சொட்டு,
சரியாக அவர் பெயரின்மேல்.
ஐயோ என்று நால்வரும் குனிந்து ஊதினோம்.
தலைகள் முட்டிக்கொண்டன.
மை கொஞ்சம் பரவியதோடு நின்றது.
நகராட்சியில் ஏற்பார்களா என்று அவர் கேட்டார்,
ஏற்பார்கள் என்று அந்தம்மாள்,
மாட்டார்கள் என்று நிஷிகாதா.
திங்கட்கிழமைதான் தெரியும்.

கிளம்பும் முன் இன்னொரு குளியல் என்று போனார்கள்.
நீலத்திரைக்குள் அவர், சிவப்புக்குள் அவள்.
விடியலில் திரைகளை இடம் மாற்றிவிடுவோம் நாங்கள்;
நேற்று அவர் ஊறிய தொட்டி
இன்று அவளுக்கு.
நடுவில் தேவதாருச் சுவர்,
கூரைவரை எட்டாதது.
நடைபாதையில் சறுகு கூட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பாறை வழுக்குகிறதே,
நேற்றே சொல்லியிருக்கலாம் இல்லையா?"

"சொன்னேன்.
நீதான் காதில் வாங்கவில்லை."

கந்தக ஆவி சுவருக்கு மேலே
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்தது.
வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"நான் எழுந்திருக்கப்போகிறேன்."

"இன்னும் ஐந்து நிமிடம் இரு.
பேருந்து பதினொன்று பத்துக்குத்தானே."

பதில் வரவில்லை.
எழுந்திருக்கும் சத்தமும் வரவில்லை.

வாசலுக்குப் போய்
நேற்றிரவு அவர்கள் காலணிகளுக்குள் திணித்திருந்த
செய்தித்தாளை உருவினேன்.
காய்ந்திருந்தன.
முனைகள் தெருவைப் பார்க்க
இரண்டு ஜோடியையும் திருப்பி வைத்தேன்.
நடுவே எவ்வளவு விடுவதென்று
தெரியவில்லை.