பாதிக் கடல்

டோர்ஸ்ஹவுனிலிருந்து கடலுக்கடியில் ஒரு சுரங்கச் சாலை.
பதினொரு கிலோமீட்டர்.
நடுவில் ரவுண்டானா உண்டு, நீல விளக்கு உண்டு,
சுற்றிலும் கைகோத்து நிற்கும் இரும்பு மனிதர்கள் உண்டு.
கழிப்பறை இல்லை.

அக்கரையில் தங்கை ரன்வா.
அவள் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குச் சளி என்றேன்,
முதல் பிறந்தநாளுக்குக் காற்று என்றேன்.
பரோயே தீவுகளில்
காற்றை யாரும் சந்தேகிப்பதில்லை.

சால்மன் பண்ணையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஒரு செவ்வாயன்று பத்தொன்பது முறை.
அதையும் எழுதி வைத்தேன்.

செவ்வாய் நாலு மணிக்குத்தான்
டோர்த்தே திரையில் வருவாள்
கோபன்ஹேகனிலிருந்து,
தோளுக்குப் பின்னால் வாடிய செடியோடு.

மூன்றாம் வாரம், பாதிப் பேச்சில் வயிறு முறுக்கியது.
கணினியைத் தூக்கிக்கொண்டே ஓடினேன்.
கேமராவை அணைத்தேன்.
ஒலியை அணைக்க மறந்தேன்.

பதினாலு நிமிடம்.
ஒருமுறை அவள் தொண்டையைச் செருமினாள்,
இங்கேதான் இருக்கிறேன் என்பதுபோல.

திரும்பி வந்து மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
"செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன் மர்யூன்,
இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது."

சிரித்துவிட்டேன்.
சிரிப்பும் வயிற்றிலிருந்துதான் கிளம்புகிறது,
மறந்தே போயிருந்தேன்.

குடலில் புண் இருக்கிறது. படத்தில் பார்த்தேன்,
செம்மண் சேறு மாதிரி.
எட்டு வாரத்துக்கு ஓர் ஊசி.
மனசு சரியானால் எல்லாம் சரியாகும் என்று
அவள் ஒருநாளும் சொன்னதில்லை.
சொல்லியிருந்தால் அன்றே திரையை மூடியிருப்பேன்.
அவள் கேட்டது இதைத்தான்:
பயம் வந்து வயிற்றைக் கலக்குகிறதா,
வயிறு கலங்கிப் பயம் வருகிறதா?

இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தேன்.
சில நாள் இது, சில நாள் அது,
சில நாள் வெறும் வெங்காயம்.
கூட்டுத்தொகை இன்னும் ஒட்டவில்லை.

சனிக்கிழமை
இருக்கையில் பிளாஸ்டிக் விரிப்பு, பின்னால் மாற்று உடை,
யாரிடமும் சொல்லாமல் சுரங்கத்தில் இறங்கினேன்.
காது அடைத்தது. வயிறு என்னவோ முணுமுணுத்தது.
முணுமுணுக்கட்டும் என்று ஓட்டினேன்.

ரவுண்டானா வந்தது.
ரன்வா வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
நான் இரும்பு மனிதர்களை நாலு சுற்றுச் சுற்றினேன்,
பின்னால் வந்த மீன் லாரி ஹாரன் அடித்தது.
வந்த வழியே வீடு திரும்பினேன்.

செவ்வாய் நாலு மணிக்குச் சொன்னேன்:
பாதிக் கடல் போனேன்.

செடியில் ஒரு புது இலை.
அவள் கவனிக்கவில்லை போல.

சுங்கம் மட்டும்
முழுசாய் எடுத்துக்கொண்டார்கள்.